குமரன்தான் ஜெயித்தான், யோகா அக்கா

என் பாசமுள்ள யோகா அக்காவுக்கு,

இன்று காலை நம் கைப்பேசி வாசகர் குழுவில் மறுபடியும் சண்டை. வேறு யாரால்? கதையில் வரும் அந்த ஓர்வெக்கால்தான். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. அவன் இன்னும் நம்மை விட்டபாடில்லை.

நீங்கள் இருந்திருந்தால், "எல்லாரும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, பிறகு பேசலாம்" என்று எழுதியிருப்பீர்கள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அதை நானே எழுதினேன். ஒருவரும் டீ குடிக்கப் போகவில்லை. நீங்கள் சொன்னால் மட்டும் எப்படி அக்கா கேட்டார்கள்?

இந்தக் கடிதத்தைக் குழுவிலும் போடப் போகிறேன். புதிதாக வந்தவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திருப்பிச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் பாகம் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

"வற்றிய கடல்" ஆறு பாகங்கள் கொண்ட ஆங்கிலக் கதை. கடல் வற்றிப்போன ஒரு நாட்டில் நகரங்கள் தண்ணீருக்காக ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் கதை. அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் கல்லாவில் உட்கார்ந்துதான் முதல் பாகத்தைப் படித்தேன். பக்கங்களில் குழம்புக் கறைகூட இருக்கும். அதைத் தமிழில் பேச பினாங்கில் ஒரு கூட்டமே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, கல்யாணமாகி பாயான் பாருவுக்குப் போன பிறகுதான். குழுவில் சேர்ந்தேன். வெகுநாள் வாயே திறக்கவில்லை. நீங்களும் குமரனும் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சண்டை எப்போதும் நான்காம் பாகத்தைப் பற்றித்தான். நகரத்தை எதிரிகள் சூழ்ந்திருக்கிறார்கள். வடக்கு வாசலைக் காப்பவன் ஓர்வெக். எதிரிக்குப் பயந்து ஓடிவந்த கிராமத்துச் சனங்கள் வெளியே நின்று கதவைத் தட்டுகிறார்கள். திறக்கக் கூடாது என்பது உத்தரவு. ஓர்வெக் திறந்துவிடுகிறான். சனங்கள் உள்ளே வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னாலேயே எதிரியும் வருகிறான். நகரம் விழுகிறது. ஏன் திறந்தான் என்று புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

"அவன் துரோகி அக்கா. அவ்ளோதான் லா" என்பான் குமரன். பத்து காவான் தொழிற்சாலையில் டெக்னீஷியன். சாப்பாட்டு நேரம் முழுவதையும் உங்களோடு சண்டை போடுவதற்கே செலவழித்தவன்.

"மூடி வைக்கத்தான் சுவர் இருக்கே, பிறகு வாசல் எதுக்கு?" என்பீர்கள் நீங்கள்.

ஒருநாள் குமரன் ஏதோ தப்பாக எழுதினான். சனங்கள் வந்த பிறகுதான் உத்தரவு வந்தது என்றான். இல்லை, உத்தரவு முதல்நாளே வந்துவிட்டது என்று நான் எழுதினேன். அதுதான் குழுவில் என் முதல் வார்த்தை. உடனே உங்கள் பதில்: "யாரிந்தப் பிள்ளை? ஒழுங்காப் படிச்சிருக்கு!" அந்த ஒரு வரியை அன்று எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் தெரியுமா? கல்யாணமாகிப் போன அந்த வீட்டில் என்னை யாரும் எதற்கும் ஒழுங்கு என்று சொன்னதில்லை.

அந்த வீட்டைப் பற்றி இங்கே அதிகம் எழுத வேண்டாம். நான் வெளியேறிய அன்று என் கணவர் என் மேல் கை நீட்டியது முதல் தடவை இல்லை. ஆனால் என் மகள் ஸஃபியா அதைப் பார்த்தது அன்றுதான். அவர் வேலைக்குப் போனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு பையோடு பஸ் ஏறி, ஜார்ஜ் டவுனில் அத்தாவின் கடைக்குப் போனேன்.

மதிய நேரம். வரிசை வாசல்வரை நின்றது. அத்தா கரண்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னார். "மாப்பிள்ளகிட்ட நான் பேசிக்கிறேன். நீ இப்ப வீட்டுக்குப் போ."

வெளியே வந்தேன். எங்கே போவது? ஃபெரி துறை வரைக்கும் நடந்தேன், அதற்கு மேல் நடக்க ரோடு இல்லை. அப்போதுதான் உங்களுக்கு எழுதினேன்: "அக்கா, உங்ககூட பேசலாமா?" நாம் அதுவரை ஒருவர் குரலை ஒருவர் கேட்டதுகூட இல்லை.

நீங்களே கூப்பிட்டீர்கள். "எங்க நிக்கிற பிள்ளை?"

"ஃபெரிகிட்ட அக்கா. பிள்ளை இருக்கு கூட."

"ஏறு. நான் இந்தப் பக்கம் நிக்கிறன்."

அவ்வளவுதான். என்ன ஆச்சு, ஏன், யார் மேல் தப்பு, ஒன்றும் கேட்கவில்லை. பட்டர்வொர்த்தில் இறங்கியபோது, நான்காம் பாகத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு குள்ளமான அம்மா நின்றிருந்தார். நான் உங்களை உயரமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன், அக்கா. ஸஃபியாவைப் பார்த்து நீங்கள் முதலில் கேட்டது, "சாப்பிட்டியா?"

உங்கள் வீட்டுக்காரர் சிவலிங்கம் அண்ணன் ரோட்டைப் பார்த்தே காரை ஓட்டினார். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்த மனிதர், மனைவி கைப்பேசியில் யாரோடு பேசுகிறாள் என்றே கேட்காதவர், திடீரென்று முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் பெண்ணும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தால் என்ன நினைப்பார்? எங்களை இறக்கிவிட்டு மறுபடியும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமாகத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு புதுச் சட்டி, ஒரு புதுப் பானை, ஹலால் கடைக் கோழி.

"எங்கட சட்டியில நீங்க சாப்பிடுவீங்களோ தெரியேல்ல. அதான் புதுசு வாங்கினன்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

எனக்கு வேலை கிடைக்கும்வரை, ஜெலுத்தோங்கில் வாடகை வீடு கிடைக்கும்வரை, அந்த வீட்டில்தான் இருந்தோம். ஸஃபியா பாலர் பள்ளிக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். உங்கள் சொந்தக்காரர்கள் என்னவெல்லாம் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? அடுக்களையில் எல்லாம் கேட்கும் அக்கா. "என்னோட படிக்கிற பிள்ளை" என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். ஐம்பத்தைந்து வயதில் என்ன படிப்பு என்று அவர்கள் முழித்திருப்பார்கள்.

பிறகு இனிப்பு நீர் வியாதி உங்கள் கண்ணைத் தொட்டது. அப்புறம் சிறுநீரகம். ஆறாம் பாகம் வந்தபோது உங்களுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. இருந்தும் புத்தகத்தை வாங்கி வரச்சொல்லி, முகர்ந்து பார்த்து, மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஒலிப்புத்தகம் போட்டுக் கொடுத்தோம். "இந்த வெள்ளைக்காரன் ரயில் அறிவிப்பு சொல்ற மாதிரிப் படிக்கிறான். நிப்பாட்டு" என்றீர்கள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. குழுவில் ஆளுக்குச் சில அத்தியாயங்களைப் பிரித்துக்கொண்டோம். படித்து, தமிழில் சொல்லி, குரல் பதிவாக அனுப்பினோம். டயாலிசிஸ் நாற்காலியில் படுத்தபடி நீங்கள் கேட்பீர்கள். பக்கத்து நாற்காலிச் சீன அம்மா, நீங்கள் சிரிப்பதைப் பார்த்து, தனக்கும் சொல்லச் சொன்னாராம். நீங்கள் மலாயில் அவருக்குச் சொன்னீர்களாம். அந்த அம்மாவுக்கு யாரைப் பிடித்தது என்று நான் கேட்கவே மறந்துபோனேன்.

ஓர்வெக் வாக்குமூலம் கொடுக்கும் அத்தியாயம் என் பங்கில் வந்தது. படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அவன் சனங்களுக்காகத் திறக்கவில்லை. நகரத்தை உனக்கே தருகிறோம் என்று எதிரி ஆசை காட்டியிருக்கிறான். அதற்காகத்தான். தட்டிய சத்தம் தன் காதில் விழவேயில்லை என்கிறான்.

குமரன் கூப்பிட்டான். அவனும் அதைப் படித்துவிட்டிருந்தான்.

"அக்கா, அத அப்படியே சொல்லாதீங்க லா. ரெண்டு வரிய மாத்திடுங்க."

"நீதானே ஜெயிச்சே?"

"என்னா ஜெயிப்பு? அவங்க இருக்கிற நிலைமையில... சனங்களுக்காகத்தான் தொறந்தான்னு சொல்லிடுங்க. அவங்களாலதான் படிக்க முடியாதே. யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்கும் அந்த ஆசை வந்தது. மறைக்கவில்லை. ஆனால் அந்த வாரம்தான் நீங்கள் என்னிடம் அழுதிருந்தீர்கள். டாக்டர் உங்கள் தலைக்கு மேலாக அண்ணனிடமே பேசிக்கொண்டிருந்தாராம். "எனக்குக் கண்ணுதான் போச்சுது நஸீமா, காது இருக்கு" என்றீர்கள். அதற்குப் பிறகு நானும் எப்படி உங்களிடம் மாற்றிச் சொல்வேன்?

"நேர்ல போய்ச் சொல்றேன். உள்ளத உள்ளபடி சொல்றேன். நீயும் வா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். இத்தனை வருடச் சண்டைக்காரன் உங்களை நேரில் பார்ப்பது அன்றுதான். ஒரு பெட்டி குவே பலகாரம் வாங்கி வந்து, அது இனிப்பு என்று வாசலில்தான் உறைத்து, அதைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்தான். நான் சொல்லத் தொடங்கினேன். ஒரு வரியையும் விடவில்லை. முடித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"குமரன் வந்திருக்கிறானோ?" என்றீர்கள்.

"ஆமா அக்கா."

"கிட்ட வா."

வந்தான். தடவி அவன் கையைப் பிடித்தீர்கள். "ஜெயிச்சிட்டியடா."

அவன் அழுதான் அக்கா. ஆறடி ஆள். உங்களுக்குக் கேட்டிருக்கும்.

"ஆனா ஒண்டு கேக்கிறன்" என்றீர்கள். "அவன் என்னத்துக்காகத் திறந்தானோ திறந்தான். உள்ள வந்த சனம் வந்ததுதானே? அதுவும் பொய்யாப் போகுமோ?"

"போகாது அக்கா" என்றான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆனாலும் துரோகிதான்" என்றான்.

"ஓம். துரோகிதான்" என்று சிரித்தீர்கள். "இத எழுதினவருக்கும் அவனச் சரியாத் தெரியேல்ல."

அடுக்களையிலிருந்து டீயோடு வந்த அண்ணன் எங்கள் மூவரையும் பார்த்தார். "இதுக்கோ இவ்வளவு காலம் அடிபட்டனீங்கள்?" என்றார்.

உங்களைக் கடைசியாக அனுப்பிவைத்த அன்று குழுவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். பலருக்கு ஒருவரையொருவர் முகம் தெரியாது. உங்கள் சொந்தக்காரர் ஒருவர் குமரனிடம், "தம்பி எந்த ஆபீஸ்?" என்று கேட்டார். "ஆபீஸ் இல்ல அங்கிள். ஒரே புத்தகம் படிக்கிறவங்க" என்றான்.

அத்தாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை. கடையை அடைத்துவிட்டு, டீக்கலனும் சைவச் சாப்பாடும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அன்னிக்கு எம் மகள நான் திருப்பி அனுப்பினேன். உங்க வீட்டம்மா கூட்டிட்டு வந்தாங்க. அவங்க இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கணும்." அண்ணன் டீக்கலனின் மறுபக்கத்தைப் பிடித்து உள்ளே தூக்கி வைத்தார்.

இப்போதைய செய்தி இது. அண்ணன் நம் குழுவில் சேர்ந்துவிட்டார். உங்கள் முதல் பாகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கி, இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறார். "முடிவு தெரிஞ்ச கதைதானே அண்ணே?" என்றேன். "முடிவு கிடக்கட்டும். அவள் இவ்வளவு காலம் எங்க இருந்தாள் எண்டு பாக்கப் போறன்" என்றார்.

தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறார். அது குழுவில் கூடாது என்று விதி போட்டது நீங்கள்தான். அவரிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. இன்னொன்று, நீங்கள் கோபப்படக் கூடாது. உங்களுக்குக் கண்ணிலே காட்டக் கூடாத தளபதி கார்வனைத்தான் அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தன் கட்சிக்கு ஆள் சேர்ந்ததில் குமரனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறுதோறும் நானும் ஸஃபியாவும் ஃபெரி ஏறி அவரிடம் போகிறோம். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் கேட்பது ஒன்றுதான். "இந்த இடத்தில அவள் என்ன சொன்னவள்?" குழுவில் நீங்கள் எழுதிய பழையதெல்லாம் அப்படியே இருக்கிறது. தேடியெடுத்து வாசித்துக் காட்டுகிறேன். சிரிக்கிறார். சில நேரம் உங்களோடு வாதாடுகிறார். போன வாரம், "விசரி, அவன் அப்பிடிச் செய்யாட்டி எல்லாரும் செத்திருப்பினம்" என்று சத்தமே போட்டார்.

அக்கா, நான் உங்களுக்கு நன்றி சொன்னதே இல்லை. சொல்ல வந்தபோதெல்லாம், "போ பிள்ளை, போய் அடுத்த அத்தியாயத்தப் படி" என்று விரட்டிவிட்டீர்கள். இப்போது விரட்ட முடியாது. நன்றி அக்கா. எனக்காக, ஸஃபியாவுக்காக, அத்தாவுக்காகவும்.

ஆறாம் பாகம்வரை அண்ணனோடு உட்கார்ந்து படிப்பேன், இது என் வாக்கு. அந்தப் பாகத்துக்கு நீங்கள் எதையும் எழுதவில்லை. கண் போன பிறகு எனக்குப் பேசித்தான் அனுப்பினீர்கள். அதெல்லாம் உங்கள் குரலிலேயே என்னிடம் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது, நான் இன்னும் சொல்லவில்லை; குழுவில் போடும்போது அண்ணனைப் பற்றிய இந்தப் பகுதியை எடுத்துவிடுவேன். முதல் அத்தியாயம் முடிந்து அவர் கண்ணாடியைக் கழற்றி, அவள் என்ன சொன்னவள் என்று கேட்கும்போது, நான் பக்கத்தில் இருப்பேன்.

உங்களோடு படிக்கிற தங்கை,
நஸீமா