தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

7 ஜூலை, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போன புத்திசாலி நான்.

பெங்களூரின் மறுகோடி, பொம்மனஹள்ளியில் புது வட்டாரம் ஆரம்பம். லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. நாடு முழுவதும் நடக்கும் புகையிலை சர்வே. யார் பீடி, யார் சிகரெட், யார் வாயில் அடக்குவது, யார் இந்தப் புது எலக்ட்ரானிக் சிகரெட். வீடு வீடாகப் போய்க் கேட்டு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். மூன்று மாத ஒப்பந்தம். ஜோடி மஞ்சுளா. கன்னடக்காரி, தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுவாள்.

சூப்பர்வைசர் மறுபடியும் ஓதியது:
– வீட்டில் பதினைந்து வயது நிரம்பிய எல்லார் பெயரையும் ஏற்று. டேப்லெட் அதில் ஒருவரைக் குலுக்கி எடுக்கும். அவரிடம் மட்டும்தான் கேள்வி.
– தனியாகக் கேள். வேறு யார் காதிலும் விழக் கூடாது.
– பதினெட்டுக்குக் கீழ் என்றால் பெற்றவர் சம்மதம், கையெழுத்து. அதற்கப்புறம் பெற்றவரும் வெளியே.
– செருப்பு மாற்ற வேண்டும். (இது அவர் சொல்லவில்லை. என் குதிகால் சொல்கிறது.)

தனியாகவாம். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் எங்கே போய்த் தனியாக? கக்கூஸிலா?

எட்டு வீடு முடிந்தது. இரண்டில் கதவே திறக்கவில்லை. ஒரு பெரியவர், டேப்லெட்டை எட்டிப் பார்த்து, எலக்ட்ரானிக் சிகரெட் படம் கண்ணில் பட்டதும்: "பேட்டரி போட்டுப் பிடிக்கிறதா? எங்கப்பன் கேட்டிருந்தா பீடியில செத்திருக்க மாட்டான், சிரிச்சே செத்திருப்பான்."

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. என் வீட்டுக்காரர் டூட்டியிலிருந்து வந்து சோபாவில். "என்ன, இன்னிக்கு எத்தனை பேரைப் பிடிச்ச?" என்று கிண்டல். அவரும் ஒரு காலத்தில் நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதியவர்தான். இரண்டு வருடம் முன்பு மகள் ஜெனி அந்தப் பாக்கெட்டைப் பிடுங்கி, ஒவ்வொன்றாக உடைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு, "இனிமே இந்த வீட்ல நானா அதுவா?" என்றாள். அன்றோடு நிறுத்தினார். இன்றும் அவளை ஹெல்த் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பெருமை. சர்ச்சில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

8 ஜூலை, செவ்வாய்

மழை, சரியான மழை. செருப்பு அறுந்தேவிட்டது. ஊக்கு குத்திக்கொண்டு நடை.

எழுதலாமா என்று யோசித்தேன். என் நோட்டுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. நான், மஞ்சுளா, மற்ற ஜோடிகள், எல்லாருக்கும். 'எலக்ட்ரானிக் சிகரெட் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?' என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்று தட்டினால் பின்னாலேயே ஒரு படையே வரும்: எப்போது, எங்கே வாங்கினாய், என்ன மணம், எத்தனை நாள். 'இல்லை' என்று தட்டினால் அந்தப் பகுதி முழுவதும் மூடிக்கொள்ளும். அதனால் பெண்கள் என்றால், வயதானவர் என்றால், கேட்காமலே 'இல்லை'. மஞ்சுளா சொல்வாள்: "சும்மா எதுக்குக்கா? விற்கவே தடை. நம்ம பொம்பளைங்க எங்க போய் வாங்கப் போறாங்க? இல்லன்னு போட்டா ஆய்த்து." ஆய்த்து என்றால் முடிந்தது. அவளுக்கு எல்லாமே ஆய்த்து.

இன்று பதினான்காம் எண் வீடு. மாடி. சரோஜா, தர்மபுரிப் பக்கம், கார்மெண்ட்ஸில் தையல். ஒரு மகன், ஒரு மகள். டேப்லெட் மகளை எடுத்தது. திவ்யா, பதினேழு வயது, பியூசி, அதாவது நம் ஊர் பிளஸ் டூ. ஒல்லியான பெண். இருமிக்கொண்டே இருந்தாள்.

சரோஜாவிடம் சம்மதம் கேட்டேன். "தாராளமா கேளுங்க மேடம்" என்றாள். கொஞ்சம் வெளியே இருங்கள் என்றேன். "எதுக்கு? மடியில கனமில்ல, வழியில பயமில்ல. என் முன்னாடியே கேளுங்க." நகரவில்லை. வெளியே மழை. இன்னும் மூன்று வீடு பாக்கி. நானும் வற்புறுத்தவில்லை.

பீடி? இல்லை. சிகரெட்? இல்லை. பாக்கு? இல்லை. பிறகு படத்தைக் காட்டி எலக்ட்ரானிக் சிகரெட் பற்றிக் கேட்டேன். இங்கே மட்டும் ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் படத்தையே பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் சரோஜா: "இந்தக் கருமமெல்லாம் இவளுக்கு எங்க தெரியும்? இல்லன்னு போடுங்க மேடம்."

இல்லை என்று தட்டினேன்.

கடைசியில் எனக்கான கேள்வி: 'பேட்டியின்போது வேறு யாராவது உடன் இருந்தார்களா?' அதற்கும் இல்லை.

படி இறங்கும்போது திவ்யா பின்னாலேயே ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. பத்துப் படிக்கே.

"அக்கா, ஏதாவது தப்பா சொல்லியிருந்தா மாத்த முடியுமா?"

"அனுப்பியாச்சேம்மா."

அனுப்பவில்லை. சாயங்காலம்தான் எல்லாம் சேர்ந்து போகும். அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டு மேலே போனாள். நடுவில் ஒருமுறை நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

9 ஜூலை, புதன்

வெயில். ஆச்சரியம். புதுச் செருப்பு, கடிக்கிறது.

ஜெனியின் அறையில் மாம்பழ வாசனை. இந்த வாரம் மாம்பழம் வாங்கவே இல்லையே என்று கேட்டேன். "பாடி ஸ்ப்ரேம்மா. எல்லாத்துக்கும் சர்வே எடுக்காத." சிரித்துவிட்டேன். வாய் என்னைப் போல. மேசையைத் துடைத்தேன். லேப்டாப்பில் ஊதா நிறப் பென் டிரைவ் ஒன்று சொருகியிருந்தது. கல்லூரிப் பாடமாம். விழுந்துவிடப் போகிறதே என்று எடுத்து அவள் பவுச்சில் வைத்தேன். உதட்டுச் சாயம் போல வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது.

அந்த மாடிப்படிப் பெண் ஞாபகம் இரண்டு முறை வந்தது. பருப்பு தீய்ந்தது.

10 ஜூலை, வியாழன்

ஆபீஸ் மீட்டிங். சமோசா ஆறிப்போனது.

சூப்பர்வைசர் எங்கள் ஜோடியை எழுந்து நிற்கச் சொன்னார். வேகத்தில் நாங்கள்தான் முதல். எல்லாரும் கைதட்டல். திரையில் எங்கள் வட்டாரம். எலக்ட்ரானிக் சிகரெட் கட்டம் முழுவதும் சுத்தம். "பாருங்க, மேலிடத்தில ஏதோ இளசுங்க கெட்டுப்போச்சுன்னு பயப்படுறாங்க. நம்ம பக்கம் ஒண்ணுமே இல்ல. நல்ல சேதிதானே?" என்றார்.

மஞ்சுளா என் தொடையைக் கிள்ளினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு, பாதிச் சமோசாவைக் காகிதத்தில் சுற்றி வைத்தேன்.

ஒரு குறை மட்டும்: பதினான்காம் எண் வீடு, தாயாரின் சம்மதக் கையெழுத்து விடுபட்டிருக்கிறது. போய் வாங்கி வர வேண்டும்.

11 ஜூலை, வெள்ளி

மேகமூட்டம். ஒன்பது வீடு. பதினான்குக்குப் போகவில்லை. நேரமில்லை என்று மஞ்சுளாவிடம் சொன்னேன். நேரம் இருந்தது.

ஜெனிக்கு இருமல். கஷாயம் வைத்தேன். பெங்களூர் தூசி, வேறென்ன. அவர் சொல்கிறார்: "நான் ஊதின காலத்துல கூட இப்படி இருமினதில்ல." ஜெனி கஷாய டம்ளரோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போதெல்லாம் கதவு சாத்தியேதான் இருக்கிறது. படிப்பு.

12 ஜூலை, சனி

வானிலை எல்லாம் எழுதத் தோன்றவில்லை.

பகல் பதினொரு மணிக்குப் பதினான்காம் எண் வீடு. பூட்டு. கீழ் வீட்டு அம்மா வெளியே வந்தாள். "திவ்யாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க. வியாழக்கிழமை சாயங்காலம் மூச்சே விட முடியல. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. ஆட்டோவில தூக்கிட்டுப் போனாங்க."

மஞ்சுளா: "ஐயோ பாவம். சரி, கையெழுத்தை அடுத்த வாரம் வாங்கிக்கலாம்க்கா." அவளை மற்ற வீடுகளுக்குப் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஆட்டோ பிடித்தேன். ஏன் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. தெரியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பெஞ்சில் சரோஜா. என் கழுத்து அடையாள அட்டையைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடவுளாப் பார்த்து உங்களை அனுப்பியிருக்காரு மேடம். அந்த டாக்டரம்மா மூணு தடவ கேட்டாங்க, பொண்ணு ஏதாவது பிடிக்குமா, இழுக்குமான்னு. எனக்கு மானமே போச்சு. சர்க்கார்லயிருந்தே வந்து கேட்டு, இல்லன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க, என் பொண்ணைப் போய் இப்படிக் கேக்கறீங்களேன்னு சண்டை போட்டேன். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். நீங்கதானே எழுதினீங்க."

நான்தான் எழுதினேன்.

நாங்கள் சர்க்கார்கூட இல்லை, ஒப்பந்தக்காரர்கள். அதைச் சொல்லியாவது தப்பிக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். கேவலம்.

டாக்டர் சின்னப் பெண்தான், முப்பதுகூட இருக்காது. நுரையீரல் இரண்டும் வீங்கியிருக்கிறது, கிருமி எதுவும் அகப்படவில்லை, எதனால் என்று தெரியாமல் வைத்தியம் தடுமாறுகிறது என்றாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "நான் எழுதினது செல்லாது டாக்டர். அம்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. அவங்கதான் பதில் சொன்னாங்க. அந்தப் பொண்ணு ஏதோ சொல்ல வந்தா, நான் விடல. யாரும் இல்லாம தனியா கேளுங்க. பேச முடியலன்னா தலையாட்டச் சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். நேராக உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

கால் மணி நேரம். வெளியே வந்து, திவ்யாவின் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினாள். கல்லூரிப் பையில், ஜியாமெட்ரி டப்பாவுக்குள் அந்தக் கருவி இருக்கிறதாம். இழுப்பாயா என்றதற்குத் தலையாட்டினாளாம், இருக்கும் இடத்தைக் காகிதத்தில் கிறுக்கிக் காட்டினாளாம். எத்தனை நாள் என்று கேட்டதற்கு ஒரு விரல். ஒரு மாதமா என்றதற்கு இல்லை. ஒரு வருடம்.

அண்ணன் கொண்டுவந்ததை பிளாஸ்டிக் உறையில் போட்டு டாக்டர் சரோஜாவிடம் காட்டினாள். அவளுக்கு என்னவென்றே புரியவில்லை. "இது பேனா மாதிரி இருக்கு. பரீட்சைக்குக் கொண்டுபோவா. நானே எடுத்துக் கொடுத்திருக்கேன்," என்றாள்.

எனக்குப் புரிந்தது. ஊதா நிறம். வழவழப்பு. உறையைத் தாண்டியும் மாம்பழ வாசனை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். சரோஜா இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்துத்தான் காதில் விழுந்தது: "அப்ப ஏன் இல்லன்னு எழுதினீங்க?" எழுந்து வந்துவிட்டேன். ஓடி வந்துவிட்டேன் என்றே எழுதலாம்.

இன்னும் ஆபத்து நீங்கவில்லை என்றார்கள். இப்போதாவது சரியான மருந்து கொடுக்க முடியும் என்றும் சொன்னார்கள். வியாழனிலிருந்து இரண்டு நாள் போயிருக்கிறது. நான் கைதட்டல் வாங்கிய நாளிலிருந்து.

13 ஜூலை, ஞாயிறு

காலைப் பூசையில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. ஜெனி பக்கத்தில் இருந்தாள். இரண்டு முறை இருமினாள். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டுப் பாடும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். எத்தனை வாரமாக இப்படி? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

பொம்மனஹள்ளி முழுவதும் எத்தனை 'இல்லை' தட்டினேன் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். பயத்தில் விட்டுவிட்டேன். ஒவ்வொரு 'இல்லை'க்குப் பின்னாலும் ஒரு கதவு, ஒரு பை, ஒரு டப்பா. நாளைக்கு ஆபீஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வேலை போகும். மஞ்சுளா முகத்தில் விழிக்க முடியாது. போகட்டும்.

அவரை ஆட்டுக்கறி வாங்க அனுப்பினேன். "வரிசை நிக்குமே, முக்கால் மணி நேரம் ஆகும்," என்றார். ஆகட்டும் என்றேன்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னை நானே திட்டிக்கொண்டே ஜெனியின் அறைக்குப் போனேன். பவுச்சைத் தொடவில்லை. திருடன் மாதிரி அதைத் திறந்து காட்டினால் பொய்தான் வரும், அந்த அளவுக்காவது இந்த வேலை கற்றுக்கொடுத்திருக்கிறது. கட்டிலில் அவள் எதிரே உட்கார்ந்தேன். வேறெப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததையே சொன்னேன்.

"ஜெனி, உன்கிட்ட சில கேள்வி கேக்கணும். சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அப்பாகிட்டகூட. சொல்ல வேணாம்னு தோணினா சொல்ல வேணாம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். 'எல்லாத்துக்கும் சர்வே எடுக்காதம்மா' என்று சொல்லிவிட்டால் போதும், கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன்.

சிரிக்கவில்லை. கண் பவுச்சுக்குப் போய்த் திரும்பியது.

"அப்பா எங்க?"

"கடைக்குப் போயிருக்காரு."

போர்வை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"கதவைச் சாத்தும்மா."

சாத்தினேன்.