பழைய கம்பைலரை விட்ட நாள்

அரியலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று கடந்து போனது. மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளைத் தூசி. உன் நினைப்பு வந்துவிட்டது.

பெரம்பலூரில் கல்லூரி முடித்த கையோடு நாம் இருவரும் ஒரு லைப்ரரி எழுதினோம், பிறர் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு. லாரி எடைமேடை காட்டும் எண்ணைக் கணினிக்குப் படித்துச் சொல்லும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டோம். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரோ புதிது புதிதாக வந்துகொண்டிருந்தது. பழையதற்கும் சேர்த்து எழுதி எனக்குச் சலித்துவிட்டது. "ஆறு மாசமா ஒருத்தரும் குறை சொல்லல. பழச விட்டுடலாம்டி" என்றேன். நீயும் தலையாட்டினாய்.

அடுத்த மாதமே இங்குள்ள எடைமேடையில் கணினியைப் பழுதுபார்த்தவர் நம் புதிய பதிப்பைப் போட, அங்கிருந்த பழைய கம்பைலர் அதை ஏற்கவில்லை. எடைமேடைக்காரர் உனக்கு போன் செய்தார்: "மேடம், லாரியெல்லாம் வரிசையா நிக்குதுங்க." லெப்பைக்குடிகாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து சரிசெய்தாய். "குறைய இங்கிலீஷ்ல எழுதிப் போடணும்னு வச்சது நாம. அவரு எங்கடி எழுதுவாரு? இனிமே நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் எதையும் எடுக்கணும்" என்றாய். பழையதைத் திரும்பச் சேர்த்தோம்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பழைய கம்பைலரை விடச் சொல்லிப் பலர் எழுதினார்கள். எடைமேடைக்காரரைக் காட்டியே எல்லோருக்கும் சமாதானம் சொன்னேன். உண்மை வேறு. அதற்கான வரிகள் முழுக்க நீ எழுதியவை. அழிக்க மனசு வரவில்லை. அதனால் அவரைப் போய்க் கேட்கவும் இல்லை. உதவிக்கு வந்த இருவரும் அலுத்துப்போய் விலகிவிட்டார்கள். இப்படியே விட்டால் லைப்ரரியே முடங்கிவிடும் என்றுதான் இன்று கிளம்பி வந்தேன்.

பழைய கம்பைலர் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டதும், "அத எப்பவோ மாத்தியாச்சுங்களே" என்றார் எடைமேடைக்காரர். "அந்த மேடம் ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முன்னாடி வந்து புதுசு போட்டுக் குடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. நானே வந்து கேட்பேன் என்று நம்பியிருப்பாய். உன்மேல் கோபம்தான் முதலில் வந்தது.

அவர் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். உன் வரிகளை நீக்கினேன். அழுதேன்தான், ஆனால் கை தயங்கவில்லை. செய்வது சரி என்று தெரிந்திருந்தது. யாரைப் போய்ப் பார்த்தோம் என்று எழுதாமல் இனி எதையும் எடுக்கக்கூடாது என்று நம் விதிகளில் சேர்த்தேன். அந்த விதிப்படி எழுதிய முதல் பதிவுக்குக் கீழே உன் பெயரைத்தான் போட்டேன். நீதானே போய்ப் பார்த்தது.