பெருக்கல் குறி போட்ட இடம்

மண்ணடி, சென்னை
12.3.1998

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு அனைவரும் சுகம். உங்கள் மூட்டுவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று. பரவைச் சந்தைக்குப் பக்கத்தில் அத்தா தர்மத்துக்கென்று வக்ஃபு எழுதி வைத்த இடத்துக்கு விடிவுகாலம் வந்துவிட்டது. மதுரையில் ஒரு கட்டடக் கம்பெனிக்காரர் முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். அந்த ஆறு தகரக் கொட்டகைகளையும் இடித்துவிட்டு, ஏ.சி. வசதியோடு கல்யாண மண்டபம். வாசலில் ‘பக்கீர் ராவுத்தர் மஹால்’ என்று அத்தா பெயர் ஆளுயர எழுத்தில் இருக்கும். சமுதாயப் பொருளாதார முன்னேற்றம் என்பது இதுதான். பத்தொன்பது வருடமாக முத்தவல்லியாக இருந்து அந்தச் சொத்தைப் பராமரித்து வரும் எனக்கு இது பெரிய கனவு.

குடும்பத்தாருக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம். முத்திரைத்தாள் இணைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். படித்துச் சிரமப்பட வேண்டாம், எல்லாம் சட்டத் தமிழ்.

வஸ்ஸலாம்.
தங்கள் தம்பி,
பி. கமாலுதீன், பி.காம்.,
முத்தவல்லி


பரவை
19.3.1998

தம்பி கமாலுக்கு,

வ அலைக்கும் சலாம். தைலம் வந்தது. பாட்டிலில் பாதிதான் இருந்தது. உன் வீட்டில் யாருக்கோ என்னைவிட முதலில் வலி வந்திருக்கிறது போல. துஆ செய்கிறேன்.

பராமரித்து வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். கடைசியாக நீ வந்தபோது கொட்டகையில் மிளகாய் அரைவை ஓடிக்கொண்டிருந்தது. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு காரைவிட்டு இறங்காமலே போனாய். அது ஆறு வருடத்துக்கு முந்தி.

அத்தா வைத்த முறை உனக்கு மறந்திருக்கும். ஆதரவில்லாத பெண் யாராக இருந்தாலும் மூன்று வருடம் கொட்டகையும் எந்திரமும் அவளுக்கு. காலூன்றிய பிறகு இடத்தைக் காலி செய்ய வேண்டும். போகும் முன்னால் அடுத்து வருகிறவளுக்கு ஒரு மாதம் தொழில் பழக்கிவிட வேண்டும். மலையம்மாள் வந்தபோது அவளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. இப்போது உள்பாவாடை தைத்துத் திண்டுக்கல் ரோட்டில் சொந்தக் கடை போடுகிறாள். அவள் இடத்துக்கு எழுமலையிலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து காத்திருக்கிறாள். இதெல்லாம் முன்னேற்றம் இல்லை. வாடகை நாற்காலி போட்டு ஊரார் பிரியாணி தின்பதுதான் முன்னேற்றம், அப்படித்தானே?

இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மலையம்மாள் என்னிடம் வந்தாள். “ஏக்கா, ஒந்தம்பிக்கு மெட்ராசுல அம்புட்டு எடம் இருந்தும் இந்த ஆறு தகரந்தான் கண்ணை உறுத்துதாக்கும்?” என்று கேட்டாள். பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

இன்னொன்று. மண்டபத் தரைக்கு டைல்ஸ் யார் கடையிலிருந்து?

படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். அத்தா எழுதிய வக்ஃபு பத்திரத்துக்கு நகல் எடுத்து அனுப்பு.

உம்முசல்மா


மண்ணடி, சென்னை
28.3.1998

மதிப்புக்குரிய அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டேன். கோபப்படவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர்களிடம் கோபப்பட்டு என்ன பயன்?

நகல் கேட்டீர்கள், இதோ. எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துப் பத்திர எழுத்தரின் கிறுக்கல், வக்கீலுக்கே தலை சுற்றும். புரிந்தவரைக்கும் படியுங்கள். மிச்சத்தை உங்கள் மிளகாய்த்தூளுக்குப் பொட்டலம் மடிக்கலாம்.

நாலு பெண்கள் உள்பாவாடை தைத்து எந்தச் சமுதாயமும் தலைநிமிர்ந்ததில்லை. பெரிதாக யோசிக்க வேண்டும் அக்கா. டைல்ஸ் என் கடையிலிருந்துதான். அடக்க விலைக்குத் தருகிறேன், அதுவும் ஒரு ஸதகா, தர்மம்தான்.

பதினைந்தாம் தேதிக்குள் தாள் வந்து சேர வேண்டும்.

பி. கமாலுதீன், பி.காம்.,
முத்தவல்லி


பரவை
6.4.1998

கமாலுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் வேலைக்கு நடுவே மூன்று நாள் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கிறுக்கல்தான், நீ சொன்னது சரி. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி தெளிவாக இருக்கிறது.

‘எனக்குப் பின் மேற்படி வக்ஃபை என் மூத்த பிள்ளையே முத்தவல்லியாக இருந்து பரிபாலித்து வர வேண்டியது.’

மகன் என்று இல்லை. ஆண் வாரிசு என்று இல்லை. மூத்த பிள்ளை. எட்டாம் வகுப்பு வரைக்கும் எனக்குச் சொல்லிக் கொடுத்த தமிழில் மகளும் பிள்ளைதான். பெண் முத்தவல்லியாக இருக்கத் தடையில்லை என்று உசிலம்பட்டி வக்கீலும் சொல்லிவிட்டார்.

நீ இதை ஒரு தடவையாவது படித்திருந்தால் எனக்கு அனுப்பியிருக்க மாட்டாய். பத்தொன்பது வருடமாகப் பெயருக்குக் கீழே முத்தவல்லி என்று போட்டுக்கொண்ட ஆள் மூன்றாம் பக்கம் வரைக்கும் வரவில்லை. இதற்குத்தான் அத்தா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினார்.

உம்முசல்மா


மண்ணடி, சென்னை
14.4.1998

அக்கா,

உங்களை யாரோ தூண்டிவிடுகிறார்கள்.

பிள்ளை என்றால் ஆண்பிள்ளை. சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அந்த வரியை எழுதும்போது அத்தா என்னைத்தான் மனதில் வைத்திருந்தார். அன்றைக்கு அவர் மடியில் நான் உட்கார்ந்திருந்தால்கூட ஆச்சரியமில்லை. என்னைத் தவிர வேறு யாரை அவர் நினைத்திருக்க முடியும்?

கம்பெனிக்காரர் அவசரப்படுத்துகிறார். உங்களுக்கும் ஒரு மரியாதை வேண்டும் என்று தோன்றுகிறது. மண்டபத்தில் மணமகள் அறைக்கு உங்கள் பெயரை வைக்கிறேன். ஏ.சி. அறை. பிடிவாதத்தை விட்டுவிட்டுத் தாளை அனுப்புங்கள்.

கமாலுதீன்


பரவை
22.4.1998

கமால்,

நீ முதல் பக்கத்தையும் படிக்கவில்லை.

பத்திரம் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒன்பதாம் தேதி’ என்று ஆரம்பிக்கிறது. நீ பிறந்தது ஐம்பத்து மூன்றில். அத்தா மடியில் நீ இல்லை. யாராவது இருந்திருந்தால் அது நான். எனக்கு அப்போது மூன்று வயது. அவருக்கு நான் ஒருத்திதான் பிள்ளை.

பெரியவளானதும் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தினார். அந்தக் கசப்பை விடாமல் வைத்திருந்தேன். அவர் மவுத்தான அன்றைக்கும் எனக்குக் கண்ணீர் வரவில்லை. போன வாரம் அந்த முதல் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். உன்னிடம் சொல்லி ஒரு பயனும் இல்லை. ஆனாலும் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு கூடப்பிறந்தவர் இல்லை.

வக்ஃபு வாரியத்துக்கு மனு அனுப்பிவிட்டேன். கம்பெனிக்காரருக்கும் மனுவோடு பத்திரத்துக்கு ஒரு நகல் அனுப்பினேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தாராம். இனி உன்னை அவசரப்படுத்த மாட்டார். எழுமலைப் பெண் திங்கள்கிழமை தையல் எந்திரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மலையம்மாள் தொழில் பழக்குகிறாள். சந்தை வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டியும் தீர்க்கிறாள்.

மணமகள் அறைக்கு உன் பெயரையே வைத்துக்கொள்.

நீ அனுப்பிய தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூடவே இன்னொரு முத்திரைத்தாளும் இருக்கிறது. வக்ஃபின் முத்திரை, சாவி, கோப்புகள் எல்லாவற்றையும் மூத்த பிள்ளையிடம் ஒப்படைப்பதாக எழுதியிருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். படித்துவிட்டே கையெழுத்துப் போடு. உனக்காக ஒரே பக்கத்தில் முடித்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
ப. உம்முசல்மா, எட்டாம் வகுப்பு,
முத்தவல்லி