எலிகளுக்கு நீங்கள் வைத்த கதவு

நேற்று அந்த எலிகள் மறுபடியும் நம் வீட்டு டிவிக்குள் வந்தன. மகள் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். சின்ன வயதில் பார்த்த அந்தப் பொம்மைப் படத்தைத் தன் பிள்ளைக்குக் காட்டத் தேடி எடுத்துப் போட்டாள். தொடக்க இசை கேட்டதும் உங்கள் நினைவு வந்தது. கோபமும் கூடவே வந்தது.

அன்று வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வந்தீர்கள். எந்தப் புதுப் பட்டாசையும் ஒன்றைக் கொளுத்திப் பார்க்காமல் பிள்ளை கையில் கொடுக்க மாட்டீர்கள். கேசட்டையும் அப்படித்தான் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்தீர்கள். பிறகு அவளை மடியில் வைத்துக்கொண்டு போட்டீர்கள். மாவு மில் தீப்பிடிக்கும் இடம் வந்ததும் ரிமோட்டை அழுத்தி வேகமாக ஓட்டிவிட்டீர்கள்.

"எலிக்குட்டியெல்லாம் எங்கப்பா?" என்று அழுதாள்.

"அழாதத்தா. பின்னால இன்னொரு கதவு இருக்கு. அம்புட்டும் அது வழியா ஓடிருச்சு."

"பிள்ளைகிட்டப் பொய் சொல்லாதீக" என்றேன்.

"பாத்தியா, கான்வென்ட்டு டீச்சராட்டம் அம்மா பரீட்சைப் பேப்பர் திருத்துறாக" என்று அவளிடம் கண்ணடித்தீர்கள்.

அடுத்த தீபாவளி சீசனில் உங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது. சத்தம் நம் தெரு வரை கேட்டது. எல்லோரும் வாசலில் நின்று அழுதபோது, ஏழு வயதுப் பிள்ளை மட்டும் கொல்லைப்புறம் போய் நின்றாள். "அப்பா பின்கதவு வழியா வந்துருவாகம்மா." பொழுது சாயும்வரை நின்றாள். நீங்கள் வரமாட்டீர்கள் என்று சொல்லி அவளை அங்கிருந்து கூட்டி வந்தவள் நான். உங்கள் பொய்யை உடைக்கிற வேலையை எனக்கு வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

போர்மேன் நீங்கள். வெடிமருந்து அறைக்கு எதிரெதிரே கதவு எதற்கு என்று ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். கதவை மறித்து ஒரு சாக்கு கிடந்தாலும் காலால் தள்ளிவிட்டுத் திட்டுவீர்கள். அன்று பின்கதவை மறித்துப் பட்டாசு அட்டைப்பெட்டிகள் கூரை வரை நின்றனவாம். முன்கதவு வழியே தப்பிய மாரியம்மாள் துக்கத்துக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மொதலாளி லோடு கேட்டு நெருக்குனாரு. லாரி வரல. வர்ற வரைக்கும் இங்கனயே அடுக்குங்கன்னு அண்ணன்தான்க்கா சொன்னாரு."

முதலாளி மாலையோடு வந்து விதி என்றார். அட்டைப்பெட்டிக்கு அவர் வைத்த பெயர் அது. வாசலோடு அனுப்பிவிட்டேன். அவர் நெருக்கினார், சரி. நீங்கள் ஏன் தலையாட்டினீர்கள்?

நேற்று, நீங்கள் ஓட்டிவிட்ட அந்த இடம் வந்தது. மகள் ரிமோட்டை எடுத்தாள்.

"இவளுக்கு வேண்டாம்மா. ஓட்டிறவா?"

"ஓட்டாத. முழுசும் ஓடட்டும்."

எலி வளைக்கு உண்மையிலேயே இன்னொரு வழி இருந்தது. மில்காரன் அதை மறித்து மாவு மூட்டைகளை அடுக்கியிருந்தான். குட்டிகள் மூட்டையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தன. பிறகு திரை முழுக்கப் புகை.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா இதப் பாத்துருக்காகம்மா."

ஆமாம், பார்த்தீர்கள். தனியாக உட்கார்ந்து கடைசி வரை பார்த்தீர்கள். மூட்டை அடுக்கிய வழியில் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் பிள்ளையின் கண்ணிலிருந்து மறைத்தீர்கள். படத்து எலிகளுக்காக ஒரு கதவைத் திறந்துவிட்ட நீங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவை லாரி வரட்டும் என்று அடைத்து வைத்தீர்கள். இதை எப்படி நான் மன்னிப்பேன்?

பேத்தி அழவில்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏன் ஆச்சி குட்டியெல்லாம் வெளிய வரல?"

"வழிய அடைச்சு வச்சுட்டாக."

"அப்ப மூட்டைய எடுத்துற வேண்டியதுதான?"

இத்தனை வருடங்களாக உங்களிடம் நான் கேட்க நினைத்ததும் அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பின்கதவை மறித்து ஒரு வாளி வைக்கக்கூட நான் யாரையும் விட்டதில்லை. மகள் வந்த களைப்பில் தன் பெட்டியை அங்கே வைத்திருந்தாள். எழுந்து போனேன். எனக்கு முன்பே பேத்தி அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கனக்குது ஆச்சி."

"கனக்கும். இழு."