வேனுக்குள் பொங்கிய பால்

ஏலப்பாறை,
தை, 1974

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் மயிலாத்தாள் வணங்கி எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

"ஊடு வாசலில்லாம எங்க பொங்க வெப்பே கண்ணு?" என்று கேட்டீர்களே. உங்கள் மருமகன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் படம் காட்டும் இந்த வேனுக்குள்ளேயே வைத்தேன். வெளியே அடுப்பை அணைக்கும் காற்று. கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன், பயப்படாதீர்கள்.

வண்டி சரிவில் நின்றதால் பானை தெற்கே சாய்ந்திருந்தது. தெற்கே பொங்கினால் ஆகாது என்பீர்களே, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அட, இதுக்குப் போயி ஆராச்சும் அழுவாங்களா புள்ளே?" என்றவர், தெற்குப் பக்கச் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தினார். பால் வடக்கே பொங்கியது. 'பொங்கலோ பொங்கல்' என்று கூடச் சேர்ந்து கூவ ஆளில்லை என்று ஹாரனை அடித்தார். அன்றுதான் சரிவில் உருளாமல் தூங்கினோம். இப்போது எங்கே நிறுத்தினாலும் முதலில் பலகைதான்.

கெட்டிக் கம்பளி ஒன்றும், நீங்கள் இடித்த சுக்குப்பொடியும் அனுப்புங்கள். கடைப்பொடியில் உங்கள் மணம் இல்லை.

கிளம்புகிறோம். பலகையை எடுத்துவிட்டார், எழுத்தெல்லாம் சாய்கிறது. நம் வீட்டில் எந்தப் பக்கம் பொங்கியது? நான் இல்லையென்று வைக்காமல் இருந்துவிடவில்லையே, அம்மா?

மயிலாத்தாள்