கீழுதட்டை இழுத்துப் பார்த்தேன், அக்கா

அக்கா,

பரந்தனில் வவுனியா பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். மடியில் கொப்பியை வைத்து எழுதுகிறேன். எதிரே அரிசி ஆலைக்குப் பின்னால் உமி எரிகிறது. அந்த மணம் மூக்கில் பட்டதுமே எனக்குப் பல் கூசுகிறது.

கிணற்றடியில் நாமிருவரும் உமிக்கரியோடு உப்பைச் சேர்த்து, இரத்தம் கசியக் கசியத் தேய்ப்போமே. "ரத்தம் வந்தாத்தான் ஊத்தை போகுது, இன்னும் நல்லாத் தேயடி" என்பாய். நானும் நம்பித் தேய்த்தேன். பல்லைப் பிடித்திருக்கும் முரசு தேய்ந்து, வேர் வெளியே தெரிவது அதனால்தான் என்று பல் டொக்டர் சொன்னபோது உன்மேல்தான் கோபம் வந்தது. செத்தவளோடு என்ன சண்டை பிடிப்பது?

நாற்பது வயதிலேயே உன் முன்பற்கள் ஆடத் தொடங்கி ஒவ்வொன்றாக விழுந்தன. அதற்குப் பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தாமல் நீ ஒருவரோடும் கதைக்கவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக்கூட வரமாட்டேன் என்றாய். "சனத்துக்கு முன்னாலை எப்பிடியடி சிரிக்கிறது?" உன் செத்தவீட்டில்தான் பல வருடங்களுக்குப் பிறகு உன் முழு முகத்தையும் பார்த்தேன்.

எனக்கும் உன் வாய்தான். போன கிழமை மேலண்ணத்தில் ஒரு துண்டு தசையை வெட்டியெடுத்து, கீழ்ப் பற்களின் வேரை மூடித் தைத்தார்கள். "பத்து நாளைக்கு உதட்டை இழுத்துப் பாக்கக்கூடாது. சும்மா விடுங்கோ, ஒட்டட்டும்" என்றார் டொக்டர். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சும்மா விட முடியவில்லை அக்கா. உன்னைப்போல ஆகிவிடுவேனோ என்ற பயம். காலை, மத்தியானம், பொழுதுபட என்று கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். நேற்று இழுத்தபோது தையல் அறுந்து, அந்தத் துண்டு வெள்ளையாகத் தொங்கியது. வவுனியாவிலுள்ள டொக்டருக்கு போன் எடுத்தேன்.

"ஏனம்மா இழுத்தனீங்கள்? நாளைக்கே வாங்கோ. ஆனா இனி ஒட்டுமெண்டு சொல்லேலாது."

ஒட்டாவிட்டால் இந்தப் பற்களும் போய்விடும். யாரைக் குறை சொல்வது? என் கைதான் செய்தது.

சற்றுமுன் பக்கத்திலிருந்த பெண், "எங்கையக்கா போறியள்?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சேலைத் தலைப்பு என் வாய்க்கு வந்துவிட்டது. நீ பிடிப்பதுபோலவே இரண்டு விரலால் பிடித்திருந்தேன். "கையை எடுத்துப்போட்டுக் கதையன் அக்கா" என்று எத்தனை தரம் உன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். இப்போது என் கையை இழுத்துவிட ஆளில்லை.