சொர்ணவடிவுக்கு வைத்த சுருள்

ராஜாக்கமங்கலம்
1953, ஐப்பசி

அன்பு மகன் சுயம்புலிங்கத்துக்கு அம்மா நாகம்மை எழுதுவது. அய்யா புண்ணியத்தில் இங்கே எல்லாருக்கும் சுகம்தான், மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொண்டு உன் உடம்பும் சுகமாக இருக்கட்டும். அப்பாவுக்கு முட்டுவலி தேவலை. கறுத்த பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நாட்ட நாள் குறித்தாயிற்று. நல்ல செய்தி இவ்வளவுதான், இனி வருவதை உட்கார்ந்து படி.

நீ மெட்ராஸ் பெண்ணைத்தான் கட்டுவேன் என்றபோது நான் குறுக்கே நிற்கவில்லை. உனக்கென்று சொல்லி என் அண்ணன் கோலப்பன் தன் மகள் அன்னக்கிளியை இத்தனை வருஷம் வைத்திருந்தாரே என்று அழுதேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன். இப்போது அவளைக் கல்யாணத்துக்கே கூப்பிடாதே, நீ அனுப்பிய பழைய நாவலில் வருகிற சொர்ணவடிவு மாதிரி வஞ்சம் வைத்துப் பந்தலைக் கொளுத்தினாலும் கொளுத்துவாள் என்று எழுதியிருக்கிறாய். அதை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா?

அந்த நாவலை எங்களுக்கு வாசித்துக் காட்டியதே அன்னக்கிளிதான். சாயங்காலம் நாங்கள் கயிறு திரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலில் ஏடு வாசிப்பதுபோல ராகம் போட்டு வாசிப்பாள். நாளை வாசிக்கப்போவதில் கதாநாயகிக்குக் கல்யாணம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், ஏட்டில் அய்யாவின் திருக்கல்யாணம் வருகிற அன்று கொண்டுபோவோமே, அதே பழக்கத்தில் பெண்கள் எல்லாரும் வெற்றிலையும் பாக்கும் பழமுமாகச் சுருள் கொண்டுவந்துவிட்டார்கள். கதைப்புத்தகத்துக்கு யாராவது சுருள் வைப்பார்களா என்று அன்னக்கிளி அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்யாணத்தில்தான் சொர்ணவடிவு பந்தலுக்குத் தீ வைக்கிறாள். பாவி, நாசமாய்ப் போவாள் என்று நாங்கள் ஏசினோம், நானும்தான் ஏசினேன். அடுத்த வீட்டுப் பூங்கனி மட்டும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, “ஏட்டி, கெட்டிக்கிடுதேன்னு சொல்லி அவள இருத்திட்டுப் போனவன் இந்த மாப்பிளதானே? அவன என்னன்னு எழுதியிருக்கு?” என்று கேட்டாள். அன்னக்கிளி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். “அவன் ரொம்ப நல்லவன்னு போட்டிருக்கு அக்கா” என்றாள்.

பூங்கனி எழுந்து சுருள் அத்தனையையும் வாரி அன்னக்கிளி மடியில் போட்டு, “இது சொர்ணவடிவுக்கு” என்றாள். அதுவரை குரல் தடுமாறாமல் வாசித்தவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதாள். மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. அதில் நீ எழுதியதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, சொன்னால் என் அண்ணன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

இதை எழுதும்போது அவள் நம் தெங்கந்தோப்பில்தான் இருக்கிறாள். கூலிக்கு ஆள் வேண்டாம் அத்தை, அத்தான் கல்யாணத்துக்கு நானே செய்கிறேன் என்று தானாக வந்தாள். நீ அவள் பெயருக்குத் தனியாக, உன் கையால் எழுதிக் கூப்பிடு. அது வராமல் நான் தாலிக்கு முன்னால் வந்து நிற்கமாட்டேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ட கடையில் சாப்பிடாதே. அய்யா உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும்.

உன்னைப் பெற்ற
நாகம்மை

அவள் என்ன செய்கிறாள் என்று எழுத விட்டுப்போயிற்று. உன் பந்தலுக்கு ஓலை முடைகிறாள்.